கடைக்கு கரண்டு கம்பெனியை மாற்ற முடியுமா? முடியாது, ஆனால் மாற்றக் கூடியவை நிறைய

லெபு பாசாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர், போன மாதம் கடை சாத்தும் நேரத்தில் என்னை உட்கார வைத்து டீ ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, லண்டன்ல என் மவன் அவன் கடைக்கு கரண்டு கம்பெனியையே மாத்திட்டானாம். நமக்கும் அப்படி ஏதாவது இருக்கா?" நான் பினாங்கில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன், இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஆனால் இப்போதெல்லாம் கையில் ஃபைலோடு கடைக்கு வந்து, எங்களிடம் மாறினால் பில் பாதியாகும் என்று சொல்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், அதனால் கேள்வியும் அடிக்கடி வருகிறது. அவரிடம் ஒரு மணி நேரம் சொன்னதை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

முதலில் நேரான பதில். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ ஒரு கடைக்காரர் மின்சாரம் தரும் கம்பெனியை மாற்ற முடியாது. தீபகற்பம் முழுக்க தெனாகா நேஷனல்தான். சபாவில் சபா எலெக்ட்ரிசிட்டி, சரவாக்கில் சரவாக் எனர்ஜி. 2019-இல் மின்சாரத் துறையைச் சீரமைத்து சில்லறை விற்பனையிலும் போட்டியைக் கொண்டுவர ஒரு திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது உண்மை, ஆனால் 2020-இல் ஆட்சி மாறிய பிறகு அது நம் கடை வாசல் வரை வரவில்லை. நம் பக்கத்திலேயே, கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் நூர் பவர் என்ற வேறு கம்பெனி மின்சாரம் கொடுக்கிறது, ஆனால் அதுவும் அந்தப் பூங்காவின் எல்லைக்குள் மட்டும். பாயான் லெப்பாஸில் இருக்கிற மாதிரி பெரிய தொழிற்சாலைகள், 2024-இல் வந்த கிரெஸ் திட்டத்தின் கீழ் சூரிய மின்சாரம் உற்பத்தி செய்கிறவரிடமே ஒப்பந்தம் போட்டு வாங்கலாம், கம்பியைப் பயன்படுத்துவதற்கு மட்டும் கட்டணம் கட்டிவிட்டு. அது நமக்கானது இல்லை. ஆகவே யாராவது கடைக்கு வந்து சப்ளையரை மாற்றித் தருகிறேன் என்றால், அவர் விற்க வந்தது வேறு ஏதோ ஒன்று. அது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பழைய பில் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள், அதில் உங்கள் கணக்கு எண் இருக்கிறது.

ஆனால் இந்தப் பதிலோடு விட்டுவிட்டால் எனக்கு மனசு கேட்காது. யாரிடம் வாங்குவது என்பதுதான் நம் கையில் இல்லை. எந்தக் கட்டண முறையில், யார் பெயரில், எந்த நேரத்தில் வாங்குகிறோம் என்பதெல்லாம் நம் கையில் இருக்கிறது. இதைப் பார்க்காமல் வருடக் கணக்கில் அதிகம் கட்டிக்கொண்டிருக்கும் கடைகளை நான் மாதா மாதம் பார்க்கிறேன்.

சரி, முதல் வேலை: உங்களுக்கு மின்சாரம் விற்பது உண்மையில் யார் என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், நிறையப் பேருக்கு இது தெரியாது. தனிக் கடைவீட்டில் இருந்தால் மீட்டர் பெரும்பாலும் ஐந்தடிப் பாதையின் சுவரிலோ பின் சந்திலோ இருக்கும், பில் தெனாகா பெயரில் வரும். பேரங்காடியிலோ அடுக்குமாடி வணிக வளாகத்திலோ இருந்தால், வளாகத்துக்காரர் தெனாகாவிடம் மொத்தமாக வாங்கி, உள்மீட்டர் வைத்து உங்களுக்குப் பிரித்து விற்கிறவராக இருக்கலாம். அப்படி விற்பதற்கு 1990-ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டப்படி எரிசக்தி ஆணையத்தின், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவின், உரிமம் வேண்டும். அங்கீகரித்த கட்டணத்துக்கு மேல் வாங்கவும் கூடாது.

கோலாலம்பூரில் ஒரு வளாகத்தில் என் பெரியம்மா மகள் தையல் கடை வைத்திருக்கிறார். அவர் ஒரு நாள் ரசீதைப் படமெடுத்து அனுப்பினார்: 412 யூனிட், 280 வெள்ளி (ரிங்கிட்) 16 சென். வகுத்துப் பார்த்தால் யூனிட்டுக்கு 68 சென். அதே 412 யூனிட்டை நேராக தெனாகாவிடம் வாங்கியிருந்தால் 208 வெள்ளி 80 சென்னும், அதன் மேல் மாதக் கட்டணம் 20 வெள்ளியும்தான் அடிப்படைத் தொகை. அக்கா சண்டைக்குப் போகவில்லை. நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். யூனிட் விலை எந்தக் கட்டண அட்டவணைப்படி கணக்கிடப்படுகிறது, உரிம எண் என்ன, கடைசியாக உள்மீட்டரைச் சோதித்தது எப்போது என்று மூன்றே கேள்வி. இரண்டு மாதத்தில் விலை இறங்கியது. வாயால் கேட்டிருந்தால் இன்னும் சிரித்துப் பேசி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். பதில் வராவிட்டால் எரிசக்தி ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், அதற்கும் கையில் அந்தக் கடித நகல் வேண்டும். ஏர்கான் குளிர்நீர், பொது இடப் பராமரிப்பு இதெல்லாம் வேறு கணக்கு, மின்சாரத்தோடு சேர்த்து ஒரே தொகையாகப் போட்டிருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கணக்கு யார் பெயரில் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் இன்னும் சில கடைகளின் பில் காலமான தாத்தா பெயரில் வருகிறது, சிலது பழைய வாடகைக்காரர் பெயரில். பில்லைக் கட்டினால் கரண்டு வருகிறதே என்று யாரும் தொடுவதில்லை. ஆனால் கட்டண முறையை மாற்ற விண்ணப்பிக்கிற நாளில், சோலார் போட நினைக்கிற நாளில், கணக்குக்கு உரியவர் கையெழுத்து கேட்பார்கள், அப்போது திண்டாட்டம்தான். பெயர் மாற்றத்தை தெனாகாவின் மைதிஎன்பி இணையத்திலோ, கெடாய் தெனாகா என்ற அவர்களின் சேவை மையத்திலோ செய்யலாம். அடையாள அட்டை, எஸ்எஸ்எம் (வணிகப் பதிவு ஆணையம்) பதிவு, முத்திரை ஒட்டிய வாடகை ஒப்பந்தம் இவற்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வைப்புத்தொகை கேட்பார்கள், ஏறக்குறைய இரண்டு மாத பில் அளவு, அதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். அப்புறம் இன்னொன்று, கடையைக் காலி செய்கிற நாளில் கணக்கை மூடிவிட்டு அந்த வைப்புத்தொகையைத் திரும்ப வாங்குங்கள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போய், அடுத்தவர் எரித்த கரண்டுக்கு ஆறு மாதம் பில் வாங்கினவரை எனக்குத் தெரியும்.

இப்போது பில்லுக்கு வருவோம். 2025 ஜூலை 1 முதல் பில்லின் வடிவமே மாறிவிட்டது, பழைய கணக்கை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால் குழம்பும். முன்பு வணிகம் 'பி' பிரிவு, முதல் 200 யூனிட்டுக்கு 43.5 சென், அதற்கு மேல் 50.9 சென், அவ்வளவுதான். தொழிற்பட்டறைக்கு வேறு பிரிவு. இப்போது வணிகமா தொழிலா என்று பார்ப்பதில்லை, எந்த மின்னழுத்தத்தில் வாங்குகிறீர்கள் என்றுதான் பார்க்கிறார்கள். நம் கடைகள் எல்லாம் குறைந்த மின்னழுத்தம். அதில் பொதுக் கட்டணத்தில் (எந்த நேரமும் ஒரே விலை) இருந்தால் பில்லில் மலாயில் நான்கு வரி இருக்கும்: சாஜ் தெனாகா யூனிட்டுக்கு 27.03 சென், சாஜ் காப்பாசித்தி 8.83 சென், சாஜ் ரங்கையான் 14.82 சென், சாஜ் பெருஞ்சித்தான் மாதம் 20 வெள்ளி. மின்சாரத்துக்கு, மின்நிலையம் தயாராக நிற்பதற்கு, கம்பிக்கு, கணக்கு வைத்துக்கொள்வதற்கு என்று புரிந்துகொள்ளலாம். முதல் மூன்றையும் கூட்டினால் 50.68 சென். இதுதான் உங்கள் யூனிட் விலை, இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அதன் மேல் இரண்டு விஷயம் வரும். ஒன்று ஏ.எஃப்.ஏ என்ற எரிபொருள் சரிக்கட்டல், எரிவாயு, நிலக்கரி, டாலர் விலையைப் பொறுத்து மாதா மாதம் கூடும் அல்லது குறையும், சில மாதம் கழிவாகவே வரும். இன்னொன்று புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு 1.6 விழுக்காடு. ஏ.எஃப்.ஏ மாதா மாதம் மாறுவதால், போன மாதம் இவ்வளவு வெள்ளி, இந்த மாதம் இவ்வளவு என்று ஒப்பிடுவதில் பிரயோஜனமே இல்லை. யூனிட்டை ஒப்பிடுங்கள். பன்னிரண்டு மாத பில்லை எடுத்து, ஒரு தாளில் மாதமும் யூனிட்டும் மட்டும் எழுதுங்கள். ஒரு மாதம் திடீரென்று ஏறியிருந்தால் அந்த மாதம் கடையில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். மீட்டரைப் படிக்காமல் உத்தேசமாகப் போட்ட பில்லா என்றும் பாருங்கள், அது பில்லிலேயே இருக்கும்.

இனிதான் நான் இவ்வளவு நேரம் சொல்ல வந்த முக்கியமான விஷயம். பொதுக் கட்டணத்துக்குப் பக்கத்தில் நேரவாரிக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. அதில் பீக் நேரத்தில் (கரண்டுக்குத் தேவை அதிகமுள்ள நேரம்) சாஜ் தெனாகா 28.52 சென், மற்ற நேரத்தில் 24.43 சென். மற்ற வரிகள் அப்படியே. கூட்டிப் பார்த்தால் பீக் நேரத்தில் யூனிட் 52.17, மற்ற நேரத்தில் 48.08. முன்பு பீக் நேரம் என்றால் காலை எட்டு மணி முதல் இரவு பத்து வரை, கடை திறந்திருக்கிற நேரம் முழுவதும் அதில் மாட்டிக்கொள்ளும். 2025 ஜூலையில் அதை மதியம் இரண்டு மணி முதல் இரவு பத்து வரை என்று குறைத்துவிட்டார்கள். அதுவும் திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை முழு நாளும் மலிவு நேரம். வாரத்துக்கு 168 மணி நேரத்தில் பீக் வெறும் 40 மணி நேரம். இது பழைய ஞாபகத்தில் இருக்கிற முதலாளிகளுக்குத் தெரியவில்லை, அதுதான் என் ஆதங்கம்.

கணக்கு இப்படி. நீங்கள் எரிக்கும் 100 யூனிட்டில் பீக் நேரத்தில் போவது 63-க்குள் இருந்தால் நேரவாரிக் கட்டணம் லாபம். அதற்கு மேல் போனால் நஷ்டம். சாயந்தரம் மட்டும், அதுவும் வார நாளில் மட்டும் நடக்கிற டியூஷன் சென்டர் மாதிரி இடங்கள் தவிர, 63-ஐத் தாண்டும் கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேரக் கடைக்கும், காலைப் பசியாறல் வியாபாரம் அதிகமுள்ள கடைக்கும், வார இறுதியில் கூட்டம் வரும் கடைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டாம், ஒரு வாரம் அளந்து பாருங்கள். மாமா கடையில் நாங்கள் செய்தது இதுதான். மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு நாள்காட்டியைத் தொங்கவிட்டு, கல்லாவில் இருக்கும் பையனிடம் பேனாவைக் கொடுத்தோம். திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு 48,216. அன்று இரவு பத்துக்கு 48,314. அப்படியென்றால் பீக் நேரத்தில் 98 யூனிட். செவ்வாய் 95, புதன் 101, வியாழன் 94, வெள்ளி 102. கூட்டினால் 490. அடுத்த திங்கள் மதியம் இரண்டு மணிக்கு மீட்டர் 49,616-இல் நின்றது, ஆக வாரம் முழுவதும் 1,400 யூனிட். 490-ஐ 1,400-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 35. அவருக்கு மாதம் 6,000 யூனிட் ஓடுகிறது. பொதுக் கட்டணத்தில் 3,060 வெள்ளி 80 சென், நேரவாரியில் 2,990 வெள்ளி 69 சென், ஏ.எஃப்.ஏவும் 1.6 விழுக்காடும் சேர்க்காமல். மாதம் 70 வெள்ளி, வருடத்துக்கு 840 வெள்ளி. இதற்காக அவர் ஒரு விளக்கைக்கூட அணைக்கவில்லை, ஒரு காசு முதல் போடவில்லை. சின்னத் தொகைதான், ஆனால் சும்மா கொடுத்துக்கொண்டிருந்த தொகை. (இரண்டாம் நாள் பையன் பத்து மணியை மறந்து பத்தரைக்கு எழுதினான், அரை மணி நேரத்தில் பெரிய வித்தியாசம் வராது, பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.)

மாறிய பிறகு வேலை நேரத்தை நகர்த்தினால் இன்னும் கொஞ்சம் மிச்சம். மாவு அரைப்பதை மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு வைத்திருந்தார்கள், அதைக் காலை பதினொரு மணிக்குக் கொண்டுவந்தோம். ஐஸ் கட்டி மிஷினை இரவு பத்துக்கு மேல் ஓட விட்டோம். ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஒரு யூனிட்டை நேரம் மாற்றினால் கிடைப்பது 4 சென்தான், அதற்காக வேலைக்காரர்களை நடுராத்திரி வரை நிற்க வைக்காதீர்கள். யூனிட்டையே குறைத்தால் 50 சென் மிச்சம். ஐஸ் பெட்டிக் கதவின் ரப்பரில் ஒரு வெள்ளி நோட்டுத் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தாள் தடையில்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது, குளிர் ராத்திரி பகலாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. மாமா கடையில் நான்கு பெட்டியில் இரண்டில் அப்படித்தான் வந்தது.

மாற விண்ணப்பிக்க தெனாகாவைத்தான் கேட்க வேண்டும், மைதிஎன்பி வழியாகவோ கெடாய் தெனாகாவில் நேரில் போயோ. நேரம் பிரித்துப் பதிகிற மீட்டர் இருக்க வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் ஏற்கனவே போட்டிருந்தால் வேலை சுலபம், பழைய சக்கர மீட்டராக இருந்தால் முதலில் அதை மாற்றுவது பற்றிக் கேளுங்கள். உள்மீட்டர் வைத்திருக்கும் வளாகத்தில் இருப்பவர்கள் இதை நேரில் செய்ய முடியாது, நிர்வாகத்தின் மூலம்தான்.

சோலாரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கூரையில் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் ஏறக்குறைய 100 யூனிட் கிடைக்கும், நல்ல விஷயம்தான். ஆனால் மிச்ச மின்சாரத்தைத் திருப்பி அனுப்பி பில்லில் கழித்துக்கொள்ளும் பழைய நெம் திட்டம் 2025 ஜூன் கடைசியோடு முடிந்தது. 2026 ஜனவரியிலிருந்து அதற்குப் பதில் சோலார் ஆட்டாப் என்ற திட்டம். அதில் கடைகள் மிச்சத்தைத் திருப்பி அனுப்பினால், நாம் வாங்குகிற விலை கிடைக்காது, அதைவிடக் குறைந்த மொத்த விலைதான், மாதக் கடைசியில் பில்லில் கழிக்காமல் மீந்த தொகை அடுத்த மாதத்துக்கும் வராது. ஆகவே பகலில் நீங்களே எரிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். காலையிலிருந்து ஏர்கான் ஓடும் துணிக்கடைக்குப் பொருந்தும். சாயந்தரம் திறக்கும் கடைக்கு, எவ்வளவு அழகாகப் படம் போட்டுக் காட்டினாலும், பொருந்தாது. வாடகைக் கடை என்றால் கூரை உங்களுடையது இல்லை, ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருடம் என்று பார்க்க வேண்டும். ஜார்ஜ்டவுன் பாரம்பரிய வட்டாரத்துக்குள் இருந்தால் மாநகர் மன்றத்தைக் கேட்காமல் ஓட்டில் கை வைக்க முடியாது.

பில்லைக் குறைக்கும் பெட்டி என்று ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டுப் போகிறவர்களிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் கெப்பாசிட்டர். மின்திறன் காரணி (பவர் ஃபேக்டர், இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்ற அளவு) 0.85-க்குக் கீழே போனதற்கு அபராதம் என்று பில்லிலேயே வரி இருந்தால் மட்டும், லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துச் சரியான அளவில் கெப்பாசிட்டர் போடுவதில் அர்த்தம் உண்டு. பில்லில் அந்த வரி இல்லையென்றால் அந்தப் பெட்டியால் ஒரு யூனிட்டும் குறையாது.

நேரவாரிக்கு மாறிய பிறகு வரும் முதல் பில்லை மேசையில் விரித்துப் பாருங்கள். சாஜ் தெனாகா இரண்டு வரியாகப் பிரிந்து, பீக் யூனிட் தனியாக, மற்ற யூனிட் தனியாக வர வேண்டும். நடு மாதத்தில் மாறியிருந்தால் அந்த மாதம் இரண்டு கட்டணமும் கலந்து வரும், அடுத்த மாதத்தைப் பாருங்கள். பிரிந்து வந்த பீக் யூனிட்டை நீங்கள் நாள்காட்டியில் எழுதிய விழுக்காட்டோடு வைத்துப் பாருங்கள். மாமாவுக்கு 35 என்று அளந்தோம், பில்லில் 33 வந்தது, மாவு அரைக்கிற நேரம் மாறியதுதான் அந்த இரண்டு. அப்படியில்லாமல் இன்னும் ஒரே வரியாக வந்தால், விண்ணப்ப எண்ணையும் அந்த பில்லையும் எடுத்துக்கொண்டு கெடாய் தெனாகாவுக்குப் போங்கள், திங்கட்கிழமை தவிர வேறு நாளில் போனால் கூட்டம் கொஞ்சம் குறைவு.